கராத்தே, ஜூடோ வகுப்பில் ஏன் மண்டியிட வைக்கிறார்கள்? மரியாதையா, தண்டனையா, வழிபாடா?

ஞாயிற்றுக்கிழமை காலை. பிள்ளையை முதல் தடவையாகக் கராத்தே வகுப்பில் கொண்டுபோய் விடுகிறீர்கள். குத்து, உதை எல்லாம் சொல்லிக்கொடுப்பார்கள் என்று பார்த்தால், மாஸ்டர் ஒரு குரல் கொடுக்கிறார். வரிசையில் நின்ற அத்தனை பிள்ளைகளும் முட்டி போட்டு உட்காருகிறார்கள். கண்ணை மூடுகிறார்கள். பிறகு தரையில் கை ஊன்றித் தலை குனிகிறார்கள்.

ஓரத்தில் நிற்கும் பெற்றோருக்கு மனதில் கேள்விகள் வரிசை கட்டும். "வந்த முதல் நாளே முட்டி போட வைக்கிறாங்களே, என்ன தப்பு பண்ணினான்?" என்று ஒருவர் நினைப்பார். "சுவரில் மாட்டியிருக்கிற அந்தப் படத்தைக் கும்பிடச் சொல்றாங்களா?" என்று இன்னொருவர் யோசிப்பார். "வெறும் சிமென்ட் தரையில் இப்படி உட்கார்ந்தா முட்டி என்ன ஆகும்?" என்பது மூன்றாமவர் கவலை.

மூன்றுமே நியாயமான கேள்விகள்தான். நம் ஊரில் முட்டி போடுவது என்றாலே வீட்டுப்பாடம் செய்யாத நாளின் நினைவுதான் பலருக்கும் வரும். கிரிக்கெட்டில் எதிரணியைச் சுருட்டினால்கூட "மண்டியிட வைத்தது இந்தியா" என்றுதான் தலைப்பு போடுகிறோம். நம் மொழியில் மண்டியிடுதல் பெரும்பாலும் தோல்வியையும் சரணடைவதையும் குறிக்கிறது. ஜப்பானியத் தற்காப்புக் கலைகளில் அதற்குப் பொருள் வேறு. அது என்ன, எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் அது எல்லை மீறுகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

'செய்ஸா' என்றால் என்ன?

வகுப்பில் மாஸ்டர் கொடுக்கும் அந்தக் குரல் பெரும்பாலும் 'செய்ஸா' என்பதாக இருக்கும். ஜப்பானிய மொழியில் இதற்கு 'சரியாக அமர்தல்' என்று பொருள். இரண்டு முட்டிகளையும் தரையில் ஊன்றி, பாதங்களைப் பின்னால் மடித்து, குதிகால்களின் மேல் உட்காருவதுதான் செய்ஸா. முதுகு நேராக இருக்கும். கைகள் தொடையின் மேல் இருக்கும்.

யோகா தெரிந்தவர்கள் "அட, இது வஜ்ராசனம்தானே?" என்று கேட்பார்கள். உருவத்தில் கிட்டத்தட்ட அதேதான். தொழுகையின்போது முஸ்லிம்கள் அமரும் நிலையும் இதற்கு நெருக்கமானது. ஒரே மாதிரியான அமர்வு வெவ்வேறு பண்பாடுகளில் வெவ்வேறு காரணத்துக்காக இருக்கிறது.

ஜப்பானில் செய்ஸா தற்காப்புக் கலைக்கு மட்டும் சொந்தமானதல்ல. தேநீர்ச் சடங்கு, இறுதிச் சடங்கு, பெரியவர்கள் வீட்டில் முறைப்படி அமர்வது என எல்லா இடத்திலும் உண்டு. 'தத்தாமி' எனப்படும் கோரைப்பாய் விரித்த தரையில், மரியாதையான இடத்தில் அமரும் முறை அது. நம் வீடுகளில் பந்திக்குச் சம்மணம் போட்டு உட்காருவது எப்படி ஒரு முறையோ, அப்படி.

எப்படி உட்கார வேண்டும்?

பார்க்க எளிதாகத் தெரியும். ஆனால் இதற்கென்று ஒரு வரிசை உண்டு. ஜூடோவில் பின்பற்றப்படும் முறை இது:

• நேராக நின்று, இடது காலைப் பின்னால் இழுத்து, முதலில் இடது முட்டியைத் தரையில் ஊன்ற வேண்டும். அடுத்து வலது முட்டி.

• இந்தக் கட்டத்தில் கால்விரல்கள் மடங்கித் தரையை அழுத்தியபடி இருக்கும். சட்டென்று எழ வேண்டுமானால் எழலாம்.

• பிறகு விரல்களை நீட்டிப் புறங்காலைத் தரையில் படியவைத்து, ஒரு பெருவிரலின் மேல் மற்றொன்றை வைத்து, குதிகாலில் அமர வேண்டும்.

• இரண்டு முட்டிகளுக்கும் நடுவே சுமார் இரண்டு கைமுட்டி அளவு இடைவெளி இருக்கும்.

எழும்போது இதுவே தலைகீழ். முதலில் விரல்களை ஊன்றி இடுப்பை உயர்த்தி, வலது காலை முன்னால் வைத்து எழ வேண்டும். 'இடதால் அமர், வலதால் எழு' என்ற இந்த விதியை ஜப்பானியர்கள் 'சாஸா உகி' என்று நான்கே எழுத்துகளில் எழுதிவிடுகிறார்கள்.

அமர்ந்த நிலையில் செய்யும் வணக்கத்துக்கு 'ஸாரெய்' என்று பெயர். ஜூடோவில் இரு கைகளையும் தொடையிலிருந்து வழியவிட்டு, முட்டிக்கு முன்னால் தரையில் வைக்கிறார்கள். இரு ஆள்காட்டி விரல்களுக்கும் நடுவே சுமார் 6 செ.மீ. இடைவெளி. நெற்றி, கைகளுக்கு மேல் சுமார் 30 செ.மீ. உயரம் வரை இறங்கினால் போதும். நெற்றி தரையில் படவே கூடாது. குனியும்போது இடுப்பும் குதிகாலை விட்டு எழக் கூடாது.

கராத்தேயிலும் வாள் கலைகளிலும் பல பள்ளிகளில் இடது கையை முதலில் வைத்து, அடுத்து வலது கையை வைப்பார்கள். எடுக்கும்போது வலது கை முதலில் வரும். ஏன் இந்த இடது, வலது கணக்கு?

இடது முட்டி ஏன் முதலில்?

எல்லாவற்றுக்கும் காரணமாகச் சொல்லப்படுவது வாள்தான். சாமுராய்கள் வாளை இடுப்பின் இடப்பக்கம் செருகி, வலது கையால் உருவினார்கள். இடது முட்டியை முதலில் ஊன்றினால் வலது கால் முன்னால் இருக்கும். பாதி உட்கார்ந்த நிலையில் யாராவது தாக்க வந்தாலும், வலது கால் முன்னிருக்க, வாளை உருவ இடம் கிடைக்கும். அதேபோல, குனியும்போது வலது கை கடைசியாகத் தரைக்குப் போய், முதலில் திரும்பி வருகிறது. ஆயுதம் ஏந்தும் கை கூடுமானவரை சும்மா இருக்க வேண்டும் என்பதே கணக்கு.

அமர்ந்தபின் வாளை எந்தப் பக்கம் வைப்பது என்பதிலும் செய்தி இருக்கிறது. வலப்பக்கத் தரையில் வைத்தால், அதை உடனே உருவ முடியாது. 'உங்களிடம் எனக்குப் பகை இல்லை' என்பதற்கு அது அடையாளம். இடப்பக்கம் வைத்தால் எச்சரிக்கையாக இருக்கிறேன் என்று பொருள்.

ஆக, இந்த அமர்வில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக இருக்கின்றன. ஒன்று, எதிரில் இருப்பவரை நம்பி என்னைக் கீழே இறக்கிக்கொள்கிறேன் என்பது. இரண்டு, இறங்கிய நிலையிலும் விழிப்பாக இருக்கிறேன் என்பது.

'என்டர் தி டிராகன்' படத்தில், வணக்கம் செய்யும்போது எதிராளியிடமிருந்து கண்ணை எடுத்த மாணவனை புரூஸ் லீ கண்டிக்கும் காட்சி பலருக்கும் நினைவிருக்கும். 1973இல் வந்த அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, எப்போதும் எதிராளியை முறைத்தபடியே குனிய வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. டோஜோவில், அதாவது பயிற்சிக் கூடத்தில், ஆசிரியருக்கும் சக மாணவருக்கும் அமர்ந்து வணங்கும்போது பார்வை இயல்பாகத் தரைக்குப் போகும். முறைத்துக்கொண்டே குனிந்தால் அது மரியாதைக் குறைவாகத்தான் படும்.

யாருக்கு இந்த வணக்கம்?

ஜப்பானிய முறையில் நடக்கும் வகுப்பு ஒன்றின் தொடக்கம் அநேகமாக இப்படித்தான் இருக்கும். கூடத்தின் முன்பக்கத்துக்கு 'ஷோமென்' என்று பெயர். அதைப் பார்த்து மாணவர்கள் வரிசையாக அமர்வார்கள். மூத்தவர்கள் வலப்பக்கம், புதியவர்கள் இடப்பக்கம் என்பது பரவலான வழக்கம். பொதுவாக ஆசிரியர் முதலில் அமர்வார். அடுத்து மூத்த மாணவர், அவருக்குப் பின் மற்றவர்கள் என அலை மாதிரி வரிசை இறங்கும்.

அடுத்து 'மொகுசோ'. கண்ணை மூடி, மூச்சைச் சீராக்கும் நேரம். சில நொடிகளிலிருந்து ஓரிரு நிமிடம் வரை போகும். அலுவலக டென்ஷன், பள்ளிக்கூடச் சண்டை எல்லாவற்றையும் வெளியே விட்டுவிட்டு வருவதற்கான இடைவெளி இது என்று ஆசிரியர்கள் விளக்குவார்கள்.

பிறகு மூன்று வணக்கங்கள். முதலாவது முன்பக்கத்துக்கு. இரண்டாவது ஆசிரியருக்கு. மூன்றாவது ஒருவருக்கொருவர். ஆசிரியருக்கு வணங்கும்போது 'ஒனேகாய்ஷிமாஸ்' என்பார்கள். 'தயவுசெய்து கற்றுக்கொடுங்கள்' என்பது போன்ற பொருள். வகுப்பு முடியும்போது அதே வணக்கத்துடன் நன்றி சொல்வார்கள்.

இங்கேதான் பலரும் கவனிக்கத் தவறும் ஒரு விஷயம் இருக்கிறது. மாணவர்கள் மண்டியிடும்போது ஆசிரியரும் மண்டியிடுகிறார். அவர்கள் குனியும்போது அவரும் குனிகிறார். 'ஒனேகாய்ஷிமாஸ்' என்று அவரும் திருப்பிச் சொல்வது வழக்கம். மண்டியிடுவது மாணவர்கள் மட்டும் செய்யும் காரியமல்ல. முதல் நாள் வந்த ஆறு வயதுக் குழந்தையும் முப்பது வருடம் பயின்ற ஆசிரியரும் ஒரே உயரத்துக்கு இறங்கி ஒருவரை ஒருவர் வணங்கிக்கொள்கிறார்கள்.

அடிக்கவும் எறியவும் பூட்டுப் போடவும் பழகும் இடத்தில் இதற்கு நடைமுறைப் பயனும் இருக்கிறது. 'என் உடம்பை நம்பி உன்னிடம் தருகிறேன், உன் உடம்பை நான் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன்' என்ற ஒப்பந்தம் அது. கராத்தேவை ஜப்பானின் பெருநிலத்தில் பரப்பிய பூனாகோஷி கிச்சின் எழுதிய இருபது நெறிகளில் முதலாவதே, கராத்தே மரியாதையில் தொடங்கி மரியாதையில் முடிகிறது என்பதை மறக்காதே என்ற கருத்துதான்.

இது ஆயிரமாண்டு சாமுராய் வழக்கமா?

அப்படித்தான் பலரும் சொல்லுவார்கள். ஆனால் வரலாறு அவ்வளவு நேர்கோடாக இல்லை.

இந்த அமர்வு ஜப்பானில் பழங்காலத்திலேயே தெரிந்த ஒன்றுதான். புத்தர் சிலை முன்போ, மிக உயர்ந்தவர் முன்போ இப்படி அமர்ந்திருக்கிறார்கள். ஆனால் அன்றாடம் முறைப்படி உட்காருவதற்குச் சம்மணம் போடுவதும், ஒரு முட்டியைக் குத்திட்டு வைப்பதும்தான் பரவலாக இருந்தன. 16ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற தேநீர்க் கலைஞர் சென் நோ ரிக்யூவின் காலத்தில்கூட செய்ஸா கட்டாய முறையாக இருக்கவில்லை.

தொக்குகாவா ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரையிலான காலத்தில், ஷோகன் முன்னிலையில் பிரபுக்கள் இப்படி அமரும் வழக்கம் வலுப்பெற்றது. சட்டென்று எழுந்து பாய முடியாத நிலை என்பதால், இது ஆள்பவருக்குப் பாதுகாப்பானது என்ற விளக்கமும் உண்டு. தத்தாமி பாய்கள் வீடுகளில் பரவியதும் இதற்குத் துணையானது. அடுத்து வந்த மெய்ஜி காலத்தில், பள்ளிகளில் நல்லொழுக்கப் பாடமாகக் கற்பிக்கப்பட்டு, 'செய்ஸா' என்ற பெயரோடு நாடு முழுக்க நிலைபெற்றது.

வாள் உருவும் கலையான இயாய்தோவில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதன் நவீனப் பாடத்திட்டத்தின் முதல் பயிற்சியே, நீண்ட வாளை இடுப்பில் செருகியபடி செய்ஸாவில் அமர்ந்திருந்து உருவுவதுதான். ஆனால் சாமுராய்கள் பிறர் வீட்டுக்குள் நீண்ட வாளை இடுப்பில் செருகியபடி அப்படி உட்காருவதில்லை. கஷ்டமான நிலையில் பழகினால் இடுப்பும் காலும் வலுப்படும் என்பதற்காக வைத்துக்கொண்ட பயிற்சி முறையாகவே இதைப் பலர் பார்க்கிறார்கள்.

கராத்தேவுக்குள் எப்படி வந்தது?

கராத்தேயின் தாயகம் ஒகினாவா தீவு. அங்கே பழைய காலத்தில் வீட்டு முற்றத்திலும் திறந்த வெளியிலும்தான் பயிற்சி நடந்தது. இன்று நாம் பார்க்கும் வெள்ளைச் சீருடை, கலர் பெல்ட், வரிசையாக அமர்ந்து வணங்குவது எல்லாம் பெருமளவு பின்னால் சேர்ந்தவை.

இதில் ஜூடோவுக்குப் பெரிய பங்கு உண்டு. கானோ ஜிகோரோ 1882இல் டோக்கியோவில் எய்ஷோஜி என்ற கோயில் வளாகத்தில் கோதோகன் பள்ளியைத் தொடங்கினார். பழைய ஜுஜுட்சுவை நவீனக் கல்விமுறையாக மாற்றியவர் அவர். பெல்ட் முறையும் சீருடையும் அங்கிருந்துதான் பரவின. 1895இல் கியோட்டோவில் தொடங்கப்பட்ட தாய் நிப்பான் புதோகு காய் என்ற அமைப்பு, எல்லாப் போர்க்கலைகளையும் ஒரே குடையின்கீழ் கொண்டுவந்தது. பூனாகோஷி 1922இல் டோக்கியோவில் கராத்தேவைச் செய்து காட்டினார். 1933இல் அந்த அமைப்பு கராத்தேவை ஏற்றது. ஜப்பானியப் போர்க்கலையாக ஏற்கப்பட வேண்டுமானால் அதற்குரிய நடைமுறைகளும் வேண்டுமே. அப்படித்தான் இந்த அமர்வும் வணக்கமும் கராத்தே வகுப்பின் பகுதியாயின.

இந்தியாவுக்கு இந்த வழக்கம் வந்ததில் ரவீந்திரநாத் தாகூருக்கும் இடம் உண்டு. 1905இலேயே சானோ ஜின்னோசுகே என்ற ஜப்பானியரை சாந்திநிகேதனுக்கு ஜூடோ சொல்லிக்கொடுக்க வரவழைத்தவர் அவர். 1929இல் தகாகாகி ஷின்ஸோ அங்கே வந்தார். இன்று 'ராணி லட்சுமிபாய் தற்காப்புப் பயிற்சி' என்ற பெயரில் அரசுப் பள்ளி மாணவிகளுக்குக் கராத்தே போன்ற கலைகள் கற்பிக்கப்படுகின்றன. எனவே இந்த வணக்கத்தின் பொருள் என்ன என்ற கேள்வி, பணம் கட்டி டோஜோவுக்குப் போகும் சிலருக்கு மட்டுமானதல்ல.

எல்லாக் கலைகளிலும் ஒன்றா?

இல்லை. கலைக்குக் கலை மாறும்.

ஜூடோ: பயிற்சிக் கூடத்தில் அமர்ந்து வணங்குவார்கள். ஒலிம்பிக்ஸில் நாம் பார்க்கும் போட்டியில் நின்றபடி குனிவதோடு சரி. 'கிமே நோ காத்தா' என்ற பழைய பயிற்சி வரிசையின் 20 நுட்பங்களில் 8, மண்டியிட்ட நிலையிலேயே செய்யப்படுகின்றன.

கெண்டோ: தலைக்கவசத்தை அணிவதும் கழற்றுவதும் செய்ஸாவில் அமர்ந்துதான். போட்டியின் தொடக்கத்திலும் முடிவிலும் குந்தி அமர்வதற்கு 'சோன்க்யோ' என்று பெயர். சுமோவிலும் அது உண்டு. அதில் முட்டி தரையில் படாது.

ஐகிதோ: இங்கே மண்டியிடுவது மரியாதை மட்டுமல்ல, பயிற்சியும்கூட. முட்டியாலேயே நடப்பார்கள். இருவரும் மண்டியிட்டபடி செய்யும் நுட்பங்கள் உண்டு. ஒருவர் மண்டியிட்டும் மற்றவர் நின்றும் செய்யும் வரிசையும் உண்டு.

கராத்தே: வகுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் செய்ஸா. சில போட்டிகளில் எதிராளிக்கு அடிபட்டுச் சிகிச்சை நடக்கும்போது, மற்றவர் திரும்பி அமர்ந்து காத்திருக்கும் வழக்கமும் இருக்கிறது.

ஜப்பானுக்கு வெளியிலும் இதே எண்ணம் வேறு வடிவங்களில் இருக்கிறது. தாய்லாந்தின் முவே தாய் வீரர், சண்டைக்கு முன் குருவுக்கான சடங்கில் மேடையில் மண்டியிட்டு மூன்று முறை வணங்குவார். கேரளக் களரியில் வலது காலை முதலில் வைத்து நுழைந்து, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, ஏழு படிகள் கொண்ட 'பூத்தறை'யை வணங்குவார்கள். வட இந்திய மல்யுத்த அகாடாவில் மண்ணைத் தொட்டு நெற்றியில் வைப்பார்கள். கலை வேறு, சைகை வேறு என்றாலும், கைநீட்டும் முன் தலை தாழ வேண்டும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்.

இது மதச் சடங்கா?

இது சற்றுச் சிக்கலான கேள்வி. பல ஜப்பானிய டோஜோக்களின் முன்பக்கத்தில் 'காமிதானா' என்ற சிறு ஷிண்டோ மாடம் இருக்கும். அதனால் மதச்சாயல் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இந்தியாவில் உள்ள கூடங்களில் பெரும்பாலும் நிறுவனரின் படமோ, கொடியோ, எழுத்துப் பலகையோதான் இருக்கும். ஆசிரியர்கள் பலரும் இதை நன்றியின் அடையாளமாகவே விளக்குகிறார்கள்.

ஆனாலும் கடவுளைத் தவிர யாருக்கும் எதற்கும் தலை தாழ்த்தக் கூடாது என்று நம்புபவர்களுக்கு இது உண்மையான சங்கடம். இது நீதிமன்றம் வரைகூடப் போயிருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஜூடோ மாணவர்கள், மெத்தை போன்ற உயிரற்ற பொருட்களுக்குக் குனியச் சொல்வது தங்கள் நம்பிக்கைக்கு எதிரானது என்று வழக்குத் தொடுத்தார்கள். இது மதப் பாகுபாடு ஆகாது என்று 2002இல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஜப்பானிலேயே இன்னொரு திசையில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. கோபே நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில், மத நம்பிக்கை காரணமாகக் கெண்டோ பயிற்சியே செய்ய மாட்டேன் என்று மறுத்த மாணவர் வெளியேற்றப்பட்டார். மாற்று ஏற்பாடு எதையும் முறையாகப் பரிசீலிக்காமல் வெளியேற்றியது சட்டவிரோதம் என்று 1996 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கூறியது.

நடைமுறையில் என்ன செய்யலாம்? பல ஆசிரியர்கள் இதற்கு எளிய வழி வைத்திருக்கிறார்கள். படத்துக்கோ மாடத்துக்கோ குனிய விரும்பாதவர், அந்த நேரத்தில் நிமிர்ந்து அமைதியாக அமர்ந்திருக்கலாம். ஆசிரியருக்கும் சக மாணவருக்கும் சிறு தலையசைப்போடு நிறுத்திக்கொள்ளலாம். சேரும்போதே பேசிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

எதிராளிக்கு மரியாதை மறுப்பதை மட்டும் இந்தக் கலைகள் லேசில் விடுவதில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்ஸில், இஸ்ரேலின் ஓர் சாசோனிடம் தோற்ற எகிப்து ஜூடோ வீரர் இஸ்லாம் எல் ஷெஹாபி கைகுலுக்க மறுத்தார். குனியாமல் போனவரை நடுவர் திரும்ப அழைத்தார். பெயருக்குத் தலையசைத்துவிட்டுப் போனவரை அரங்கம் கூச்சலிட்டு அனுப்பியது. பிறகு அவர் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்.

எப்போது அது தண்டனையாகிறது?

பெற்றோர் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இது. ஏனென்றால், அதே செய்ஸா ஜப்பானிலேயே தண்டனையாகவும் பயன்பட்டிருக்கிறது. தவறு செய்த பிள்ளையை மணிக்கணக்கில் அப்படி உட்கார வைப்பது அங்கே பழைய பழக்கம்.

அந்த நாட்டுச் சட்டம் இதை எப்போதோ அடையாளம் கண்டுவிட்டது. ஒரு குறிப்பிட்ட நிலையில் குழந்தையை நீண்ட நேரம் அமரவோ நிற்கவோ வைப்பதும் உடல் தண்டனைதான் என்று 1948 டிசம்பரிலேயே அரசின் சட்ட அலுவலகம் கருத்துத் தெரிவித்தது. 2020 ஏப்ரலில் பெற்றோர் தரும் உடல் தண்டனையையும் ஜப்பான் தடை செய்தது. அதற்கான அரசு வழிகாட்டுதலில் உதாரணமாகச் சொல்லப்பட்டவற்றில் ஒன்று, குறும்பு செய்த குழந்தையை நீண்ட நேரம் செய்ஸாவில் உட்கார வைப்பது. செய்ஸாவைப் பண்பாடாகப் போற்றும் நாடே, அதைத் தண்டனையாக்குவதைத் தவறு என்கிறது.

இந்தியாவில் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு, பள்ளிகளில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. தேசியக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல், உடல் தண்டனைப் பட்டியலில் முட்டி போட வைப்பதையும் சேர்த்திருக்கிறது. பள்ளிக்கு வெளியே நடக்கும் பயிற்சி வகுப்பு என்பதால் எதுவும் செய்யலாம் என்று அர்த்தமில்லை. குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் கொடுமைப்படுத்தினால், சிறார் நீதிச் சட்டம் 2015இன் 75ஆம் பிரிவு பாயும். புகார் சொல்ல 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

அப்போ, மரியாதையையும் தண்டனையையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஒரு எளிய அடையாளம் உண்டு. ஆசிரியர் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். எல்லோரும் மண்டியிட்டு அவரும் மண்டியிட்டிருந்தால் அது மரியாதை. ஒரு பிள்ளை மட்டும் முட்டி போட்டிருக்க, அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அது தண்டனை. அதற்கு எந்த ஜப்பானியப் பெயர் வைத்தாலும் தண்டனைதான்.

முட்டிக்கு ஆபத்தா?

ஆரோக்கியமான முட்டி உள்ளவர் ஓரிரு நிமிடம் இப்படி அமர்வதால் பொதுவாகப் பிரச்சினை வருவதில்லை. கால் மரத்துப் போவது சகஜம். உடல் எடை காலின் நரம்புகளையும் ரத்த ஓட்டத்தையும் அழுத்துவதால் வருவது அது. எழுந்த சில நிமிடங்களில் சரியாகிவிடும். ஜப்பானியர்களுக்கே மரத்துப் போகும் என்பதுதான் உண்மை.

ஆபத்து எங்கே என்றால், மரத்த காலோடு அவசரமாக எழும்போதுதான். பாதம் எங்கே படுகிறது என்றே தெரியாது. கணுக்கால் பிசகிவிடும். அதனால் முதலில் கால்விரல்களை ஊன்றி, உணர்வு திரும்பும்வரை காத்திருந்து எழ வேண்டும்.

இன்னொரு விஷயம் தரை. இந்த அமர்வு உருவானது கோரைப்பாய் மேல். நம் ஊரில் வகுப்பு நடப்பது மொட்டை மாடியிலும், அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலும், பள்ளி மைதானத்திலும். வெயிலில் காய்ந்த சிமென்ட்டிலோ, சரளைக்கல் மேலோ முட்டியை ஊன்றச் சொல்வதில் பண்பாடு எதுவும் இல்லை. விரிப்பு இல்லையென்றால் நின்றபடியே வணங்கலாம். 'ரிட்சுரெய்' என்ற நின்ற வணக்கமும் முறையானதுதான், மதிப்பில் குறைந்ததல்ல.

முட்டியில் அறுவைச் சிகிச்சை செய்தவர்கள், தசைநார் கிழிந்தவர்கள், மூட்டுவாதம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் முழுதாக மடித்து அமர்வதைத் தவிர்ப்பதோ, மருத்துவரைக் கேட்டுச் செய்வதோ நல்லது. இவர்கள் சம்மணம் போட்டோ, நாற்காலியில் அமர்ந்தோ வணங்க டோஜோக்களில் இடம் உண்டு. ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வயதான ஜப்பானிய ஆசிரியர்களே முட்டி வலியால் நாற்காலியில் அமர்ந்து வணங்குவது உண்டு.

வகுப்பில் சேர்க்கும் முன் என்ன கேட்கலாம்?

• எவ்வளவு நேரம் அமர வைப்பீர்கள்? தரையில் விரிப்பு உண்டா?

• முட்டி வலி இருந்தால் வேறு விதமாக அமர அனுமதி உண்டா?

• முன்னால் உள்ள படத்துக்கோ மாடத்துக்கோ வணங்குவது கட்டாயமா?

• தாமதமாக வந்தாலோ தவறு செய்தாலோ என்ன செய்வீர்கள்? முட்டி போட வைப்பீர்களா?

• இந்த வணக்கத்தின் பொருளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பீர்களா?

கடைசிக் கேள்வி முக்கியமானது. பொருள் தெரியாமல் குனியும் பிள்ளை, பெரியவர் சொன்னால் கேள்வி கேட்காமல் குனிய வேண்டும் என்பதைத்தான் கற்றுக்கொண்டு போகும். பொருள் தெரிந்து குனியும் பிள்ளைக்கு, எதிரில் நிற்பவரின் உடம்புக்கும் தனக்குப் பொறுப்பு உண்டு என்பது புரியும். தற்காப்பு கற்கப் போகும் குழந்தைக்கு இந்த வித்தியாசம் ரொம்பவே அவசியம். தவறாக நடந்துகொள்ளும் பெரியவரிடம் "முடியாது" என்று சொல்லத் தெரிவதும் தற்காப்புதானே!

எனவே அடுத்த வாரம் பிள்ளையை விடப் போகும்போது, வகுப்பு முடியும்வரை ஒரு பத்து நிமிடம் கூடுதலாக நின்று பாருங்கள். பிள்ளைகள் குனியும் அந்த நொடியில், மாஸ்டரும் குனிகிறாரா என்று கவனியுங்கள். அந்த வகுப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அதிலேயே தெரிந்துவிடும்.